விரலுக்கு அடங்காத பக்கம்

பெரியம்மாவுக்கு வயது 73. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, பைண்டு செய்து வைத்திருந்த தலைமுறை. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ஏம்ப்பா, இந்தக் கதையை யாரு இப்படி ரெண்டா பொளந்து வச்சிருக்கா?”

பேரன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பி.டி.எஃப். பத்திரிகையில் ‘டபுள் காலம்’ வைத்து அச்சான தொடர். அந்தப் பக்கத்தை அப்படியே கோப்பாக்கி யாரோ ஏற்றியிருக்கிறார்கள். முழுப் பக்கமாகப் பார்த்தால் எழுத்து எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது. இரண்டு விரலால் விரித்தால் வரியின் வால் திரைக்கு வெளியே ஓடிவிடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துப் படிக்க வேண்டும். இடது பக்கம் அடிவரை வந்ததும் மறுபடி உச்சிக்கு ஏறி வலது பக்கத்துக்குத் தாவ வேண்டும்.

“அங்க போய்ச் சேர்றதுக்குள்ள யாரு யாரைக் கொன்னாங்கன்னே மறந்துபோகுது.”

பெரியம்மாவின் கண்ணிலும் கோளாறு இல்லை, போனிலும் இல்லை. அந்தக் கோப்பை உருவாக்கிய இடத்தில் ஒருவர் ஒரு கட்டத்தில் ‘டிக்’ செய்திருக்கிறார். உதாரணத்துக்கு, அமேசானில் புத்தகம் போடுகிறவர்கள் பயன்படுத்தும் கிண்டில் கிரியேட் மென்பொருளில் புதிய புத்தகத்தைத் தொடங்கினால் முதல் வேலையாக அது கேட்பது, இது எந்த வகை என்றுதான். ரீஃப்ளோவா, அச்சுப் பக்கத்தின் நகலா, காமிக்ஸா? பெரும்பாலானவர்கள் அரை நொடிகூட யோசிக்காமல் ஒன்றைத் தட்டிவிட்டு அட்டைப்படத்துக்கு எந்தக் கலர் வைக்கலாம் என்று மூன்று நாள் யோசிக்கிறார்கள். படிப்பவரின் பாடு அந்த அரை நொடியில் முடிவாகிவிடுகிறது.

ஓடும் பக்கம், நிலைத்த பக்கம்

மின்னூல் உலகில் பக்கம் என்பது இரண்டே ஜாதி. ஒன்று ரீஃப்ளோ. ஓடும் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீரைச் சொம்பில் ஊற்றினால் சொம்பு வடிவம், குடத்தில் ஊற்றினால் குடம் வடிவம். படிப்பவர் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கி, பக்கங்களின் எண்ணிக்கை கூடும். இபப் என்கிற பொது வடிவமும் கிண்டிலின் வழக்கமான நூல்களும் இந்த ரகம். மற்றது நிலைத்த பக்கம். லே-அவுட் ஆர்ட்டிஸ்ட் எந்த எழுத்தை எங்கே வைத்தாரோ அங்கேதான் அது இருக்கும். பி.டி.எஃப்., இ-பேப்பர், காமிக்ஸ் எல்லாம் இதில் சேர்த்தி.

முதல் வகையில் பக்கம் படிப்பவர் கையில் இருக்கிறது. இரண்டாவதில் தயாரித்தவர் கையில். எங்கே ஏற்றினாலும், எத்தனை டெம்ப்ளேட் காட்டினாலும், முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்.

நமக்கு இது புதிதும் இல்லை. ஓலைச்சுவடியில் எழுதியவர்கள் ஓலையின் நீளத்துக்கு எழுதினார்கள். செய்யுளின் அடி எங்கே முடிகிறது என்று பார்த்து வரியை மடக்கவில்லை. ஓலை முடிந்தால் வரி முடிந்தது. கயிறு கோக்கும் துளை வந்தால் அதைச் சுற்றி இடம் விட்டுத் தொடர்ந்தார்கள். அதே நூலை இன்னொருவர் வேறு அளவு ஓலையில் பிரதி எடுத்தால் வரிகள் வேறு இடத்தில் மடங்கும். அசல் ரீஃப்ளோ!

அச்சு வந்த பிறகுதான் பக்கம் உறைந்தது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தபோது, மூலம் எது, உரை எது, உரைக்குள் வரும் மேற்கோள் எது என்று பிரித்து நிறுத்துவதே பெரும்பாடு. இன்று நாம் பெரிய எழுத்தில் செய்யுள், கீழே சின்ன எழுத்தில் உரை என்று சாதாரணமாகப் பார்க்கிற பக்கம், அந்தத் தலைமுறைப் பதிப்பாசிரியர்கள் கண்ணை எரித்துக்கொண்டு கட்டியது. லே-அவுட் அலங்காரச் சமாசாரம் என்று நினைப்பவர்கள் ஒரு பழைய சுவடியையும் ஐயர் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

தமிழ் எழுத்து செய்யும் சேட்டை

சரி, உரைநடைக்கு ஓடும் பக்கமே சரி என்று முடிவெடுத்தாகிவிட்டது. ‘கன்வெர்ட்’ பொத்தானை அழுத்தினால் போதுமா? இங்கேதான் தமிழ் தன் வேலையைக் காட்டும்.

பல பதிப்பகங்களில் பத்து, இருபது வருடத்துக் கோப்புகள் பேஜ்மேக்கரில் கிடக்கின்றன. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 7.0, வந்தது 2001இல். யூனிகோடு தமிழ் அதில் ஏறாது. அதனால் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் அடித்தார்கள். திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அச்சுக்குப் போகிறவரை பிரச்சினை இல்லை. மின்னூலாக்கும்போது யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றும்போது வெளிவரும் கூத்துகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

‘அவர்’ என்ற சொல்லைப் பாருங்கள். பிறகு ‘அவா்’ என்ற இதைப் பாருங்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதலாவதில் இருப்பது ‘ர்’. இரண்டாவதில் இருப்பது துணைக்காலின் தலையில் ஒரு புள்ளி. ரகரமும் காலும் பார்க்க ஒன்றாக இருப்பதால் டிடிபி செய்கிறவர்கள் கைக்கு வசதியானதை அடித்துவிட்டார்கள். காகிதத்துக்கு என்ன தெரியும்? ஆனால் மின்னூலில் ‘அவர்’ என்று தேடினால் அந்த இடம் அகப்படாது. எழுத்தை வாசித்துக் காட்டும் செயலி ‘அவா’ என்று இழுக்கும். சில கருவிகளில் அங்கே ஒரு புள்ளி வட்டமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். 400 பக்க நாவலில் இப்படி எத்தனை ‘அவா்’ இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மெய்ப்பு பார்க்கிறவர் கண்ணுக்கும் இது தப்பாகத் தெரியாது. கணினியை விட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

அடுத்தது டிராப் கேப். கட்டுரையின் முதல் எழுத்தை மூன்று வரி உயரத்துக்குப் பெரிதாக வைக்கிற பத்திரிகைப் பழக்கம். டெம்ப்ளேட்டில் அழகாகத் தெரிகிறதே என்று தேர்ந்தெடுத்துவிடுவோம். கட்டுரை ‘கொட்டும் மழையில்’ என்று தொடங்குகிறது. விவரம் தெரியாமல் எழுதப்பட்ட டெம்ப்ளேட் முதல் குறியீட்டை மட்டும் பிடுங்கும். ‘க’ மட்டும் பூதாகரமாக நிற்கும். அதன் கொம்பும் காலும் தனியே பிய்ந்து, புள்ளி வட்டத்தோடு சின்ன எழுத்தில் பக்கத்தில் தவிக்கும். ஆங்கிலத்துக்கென்று வார்த்த அச்சில் தமிழைக் கொட்டினால் வருகிற கோளாறு இது. தமிழ் மின்னூலுக்கு டிராப் கேப் வேண்டாம் என்பது என் கட்சி. வைத்தே தீருவேன் என்றால் கொ, கை, கௌ மூன்றில் தொடங்கும் வாக்கியங்களைப் போட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள்.

பிறகு இருபுறமும் சமமாக வரி கட்டுவது, அதாவது ‘ஜஸ்டிஃபை’. டெம்மி அளவுப் புத்தகத்தில் இது பாந்தமாக இருக்கும். போனில், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்தால், ஒரு வரிக்கு மூன்று நான்கு தமிழ்ச் சொற்கள்தான் கொள்ளும். நம் சொற்களோ ரயில்பெட்டிபோல ஒன்றோடொன்று கோத்துக்கொள்பவை. ‘வந்துகொண்டிருந்தவர்களிடமெல்லாம்’ என்பதில் 18 எழுத்து. அது ஒரு வரியில் இடம் போதாமல் அடுத்த வரிக்கு இறங்கினால், மேல் வரியில் மிஞ்சிய இரண்டு சொற்களும் இரண்டு ஓரங்களுக்கும் இழுத்துக் கட்டப்பட்டு நடுவே பொக்கை விழும். அச்சுக்காரர்கள் இதற்கு வழி வைத்திருந்தார்கள். சொல்லை எந்த எழுத்திலும் உடைத்து, இணைப்புக்கோடு போடாமலே அடுத்த வரிக்குத் தள்ளினார்கள். தினசரிகளில் இன்றும் அப்படித்தான். மின்னூல் கருவிகள் எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல்லை உடைக்கத் தெரியும் என்று நம்பியிருக்க முடியாது. அதனால் போனை நம்பி வெளியிடும் நூலுக்கு இடப்பக்கம் மட்டும் சமமாக விட்டுவிடுவது உத்தமம். வலது ஓரம் பல்லும் பல்லிடுக்குமாக இருக்கும்; இருந்துவிட்டுப் போகட்டும்.

வரி இடைவெளியும் இதே கதைதான். மேலே ‘கி’யின் வளைவு, கீழே ‘கு’வின் சுழி, ‘ழு’வின் வால் என்று நம் எழுத்துகள் மேலும் கீழும் கை நீட்டுகின்றன. ஆங்கில டெம்ப்ளேட்டின் இடைவெளியை அப்படியே விட்டால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் வளைவும் முட்டிக்கொள்ளும்.

குறளுக்கு ஏழு சீர்

உரைநடையைவிடச் செய்யுள் படுத்தும்.

குறளின் முதலடிக்கு நான்கு சீர், இரண்டாம் அடிக்கு மூன்று. பள்ளிக்கூடத்திலிருந்து நம் கண்ணுக்குப் பழகிய உருவம் அது: மேலே நீளமாக ஒரு வரி, கீழே சற்றுக் குட்டையாக ஒன்று. போனில் எழுத்தைப் பெரிதாக்கினால் நான்காம் சீர் நழுவிக் கீழே விழுகிறது. இப்போது குறளுக்கு மூன்று வரி. மூன்று, ஒன்று, மூன்று. அந்த ஒற்றைச் சீர் நடுவில் அநாதையாக நிற்கிறது. யாப்புத் தெரியாத பிள்ளை இதைத்தான் குறள் என்று நினைத்துக்கொள்ளும்.

புதுக்கவிதையில் இன்னும் மோசம். அங்கே வரியை எங்கே உடைக்கிறோம் என்பதே பாதிக் கவிதை. கவிஞர் உடைத்த வரி எது, போன் உடைத்த வரி எது என்று தெரியாமல் போனால், வாசகர் படிப்பது இருவரும் சேர்ந்து எழுதிய கவிதையை.

இதற்குப் பயந்து கவிதை நூல்களை மொத்தமாகப் பி.டி.எஃப்.பாகவோ படமாகவோ போட்டுவிடுகிறார்கள். அவசியமில்லை. இடம் போதாமல் மடங்கும் வரியை மட்டும் இரண்டு எழுத்து உள்ளே தள்ளி வைக்கச் சொல்லலாம். அடியின் தொடக்கம் ஓரத்தில் நிற்கும், மடங்கிய மிச்சம் உள்ளடங்கி நிற்கும். பார்த்த மாத்திரத்தில் இது தொடர்ச்சி என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். இபப்பில் இதற்குத் தேவை இரண்டே வரி நடைக்குறிப்பு. அதைச் செய்துதரச் சொல்லிக் கேளுங்கள். ‘முடியாது சார்’ என்று சொல்கிறவரிடம் கவிதை நூலைக் கொடுக்காதீர்கள்.

பக்கத்துக்கு எவ்வளவு?

லே-அவுட்டுக்கும் வரும்படிக்கும் உள்ள உறவை எழுத்தாளர்கள் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள். அமேசான் 2016 டிசம்பரில் தமிழ் மின்னூல்களைக் கிண்டிலுக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு தாமே நூல் வெளியிடும் தமிழ் எழுத்தாளர்கள் பெருகினார்கள். கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் இருக்கும் நூல்களுக்கு, வாசகர் எத்தனை பக்கம் படித்தார் என்று எண்ணித்தான் பணம். 2015 ஜூலையிலிருந்து இதுதான் முறை. ஆனால் ஓடும் பக்கத்தில் பக்கம் ஏது? என் போனில் 600, உங்கள் டேப்லெட்டில் 250. எனவே அமேசான் ஒரு கற்பனைப் பக்கத்தை உருவாக்கி, எல்லா நூலையும் அந்த ஒரே முழக்கோலால் அளக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கியோ, இடைவெளியை அகட்டியோ அந்தக் கணக்கை ஊத முடியாது. அதற்காகவே வந்த கோல் அது.

படம் நிறைந்த நூல்களுக்கு இன்னொரு கணக்கு. 70 சதவீத ராயல்டித் திட்டத்தில், கோப்பைக் கொண்டுசேர்க்கும் கட்டணம் என்று இந்தியக் கடையில் ஒரு எம்பிக்கு 7 ரூபாய் பிடிக்கிறார்கள். சமையல் புத்தகம் ஒன்றை, பக்கத்துக்குப் பக்கம் கலர்ப் படமாக, நிலைத்த லே-அவுட்டில் போடுகிறீர்கள். கோப்பு 20 எம்பி. விலை 199 ரூபாய். வரியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், கட்டணம் 140 போக மிச்சம் 59. அதில் 70 சதவீதம் என்றால் சுமார் 41 ரூபாய். இந்தக் கட்டணமே இல்லாத 35 சதவீதத் திட்டத்தில் அதே நூலுக்குக் கிட்டத்தட்ட 70 ரூபாய் வரும். ஒரு எம்பிக்குள் அடங்கும் நாவலுக்கோ அதே விலையில் 134 ரூபாய் தேறும். ரசத்துக்கு இத்தனை பெரிய படம் தேவையா என்பதை இனி அம்மணிகள் முடிவு செய்யட்டும்.

பத்திரிகைகள் பட்ட பாடு

பத்திரிகை விஷயத்தில் தேர்வு இவ்வளவு சுலபமில்லை. நாவலுக்கு லே-அவுட் சட்டை மாதிரி. பத்திரிகைக்கு அது தோல். அட்டை, கார்ட்டூன், பெட்டிச் செய்தி, துணுக்கு, நடுப்பக்கம் என்று பக்கத்தைப் புரட்டும் சுகமே அதில்தான் இருக்கிறது.

2010 மே மாதத்தில் அமெரிக்காவின் ‘வயர்ட்’ பத்திரிகை ஐபேடுக்கு வந்தபோது உலகமே வாய்பிளந்தது. ஐபேடை நிமிர்த்திப் பிடித்தால் ஒரு லே-அவுட், படுக்க வைத்தால் வேறொன்று. ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை வடிவமைத்தார்கள். பக்கங்கள் பெரும்பாலும் படங்களாகவே இருந்ததால் ஒரு இதழ் 500 எம்பி அளவுக்கு வீங்கியது. எழுத்தைப் பெரிதாக்க முடியாது. ஒரு வரியை எடுத்து நண்பருக்கு அனுப்பவும் முடியாது. மறு வருடம் பிப்ரவரியில் ‘தி டெய்லி’ என்று ஐபேடுக்காகவே ஒரு நாளிதழ் தொடங்கினார் ரூபர்ட் மர்டாக். 2012 டிசம்பரில் மூடினார். அதற்குள் மக்கள் படிப்பதைப் போனுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆறு அங்குலத்துக்குள் அந்த ஜாலம் எதுவும் செல்லுபடியாகவில்லை.

நம் ஊரில் ‘கல்கி’ இதழ் 2020இல் அச்சை நிறுத்திக்கொண்டு முழுக்க இணையத்துக்குப் போனது. நாளிதழ்களோ காலைப் பதிப்பை அப்படியே இ-பேப்பராகப் போடுகின்றன. விளம்பரதாரருக்குத் தன் கால்பக்க விளம்பரம் கால்பக்கமாகவே தெரிய வேண்டும். தாத்தாவுக்கும் மரண அறிவிப்புகள் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும். சென்னைக்காரர்கள் 2011இல் தொடங்கிய ‘மேக்ஸ்டர்’ செயலி, அச்சுப் பக்கத்தைக் காட்டிவிட்டு, தொட்டால் அந்தக் கட்டுரை மட்டும் எழுத்தாக விரியும் வசதியையும் சேர்த்துக்கொண்டது. பத்திரிகைக்கு எனக்குத் தெரிந்து இதுதான் நியாயமான வழி. புரட்டுவதற்கு ஒரு பக்கம், படிப்பதற்கு இன்னொன்று. வேலை இரட்டிப்பு என்பார்கள். ஆமாம், இரட்டிப்புதான்.

காமிக்ஸை யாரும் ஓடவிட முடியாது. கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் முறைதான் அதற்கு இருக்கும் வைத்தியம். கொரியாக்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். 2004இல் நேவர் நிறுவனம் தொடங்கிய வெப்டூன் போன்ற தளங்களில் பக்கம் என்பதையே தூக்கி எறிந்துவிட்டு, மேலிருந்து கீழே ஒரே நீளப் படுதாவாக வரைந்தார்கள். இரண்டு கட்டத்துக்கு நடுவே நீளமாக வெற்றிடம் விட்டால், கட்டைவிரல் அதைக் கடக்கும் நேரம்தான் கதையில் கடக்கும் நேரம். போனுக்கென்றே அளவெடுத்ததுபோல அமைந்த லே-அவுட் என்றால் அதைத்தான் சொல்வேன்.

படமாகவே இருக்க வேண்டியவை

பி.டி.எஃப்.பைத் திட்டுகிறேன் என்பதற்காக எல்லாவற்றையும் உருக்கிவிடச் சொல்லவில்லை. நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும், தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய பதிப்புகளையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கின்றன. அங்கே பக்கம் பக்கமாகவே இருப்பதுதான் முறை. ஆய்வாளருக்குப் பக்க எண் வேண்டும், அச்சுப்பிழையும் அதே இடத்தில் வேண்டும், ஓரத்தில் யாரோ பென்சிலால் கிறுக்கியதுகூட வேண்டும். அது ஆவணம். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கிச் செய்துவருவது வேறு வேலை. தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்து எழுத்தாகத் தருகிறார்கள். இரண்டும் வேண்டும்.

தமிழ் ஆர்வலர்கள் 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் இன்னொரு பாடம். ஒரே நூலை இபப், மோபி, ஏ4 பி.டி.எஃப். என்று பல வடிவங்களில் தந்தார்கள். கூடவே ஆறு அங்குல பி.டி.எஃப். ஒன்றும் உண்டு. பழைய கிண்டில்களில் தமிழ் எழுத்து ஓடும் வடிவில் சரியாக வராத காலம் அது. அந்தத் திரையின் அளவுக்கே பக்கத்தை வெட்டித் தைத்துக் கொடுத்தார்கள். பணம் வாங்காத தன்னார்வலர்கள் வாசகரின் கையில் என்ன கருவி இருக்கிறது என்று யோசித்தார்கள். காசு வாங்கிக்கொண்டு டெம்மி பி.டி.எஃப்.பை மின்னஞ்சலில் தள்ளிவிடுகிறவர்கள் யோசிப்பதில்லை.

கண் தெரியாத வாசகர்களை இந்தப் பேச்சில் கடைசியாகச் சேர்ப்பதே ஒரு தப்புதான். அச்சைப் படிக்க இயலாதவர்களுக்கு நூல்களை ஏற்ற வடிவில் மாற்றித்தர வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் மின்னூல்களும் அணுகல் சட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆனால் பாமினியில் அடித்த பி.டி.எஃப்.பைத் திரைவாசிப்பானிடம் கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? பேய் பிடித்தவர் ஆங்கிலம் பேசுவதுபோல இருக்கும்.

கடைசியாக ஒரு பரிசோதனை. எழுத்தாளர் கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆகிவிட்டதால் ‘பொன்னியின் செல்வ’னை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம், வெளியிட்டும் இருக்கிறார்கள். எழுத்து ஒன்றுதான், ஆசிரியர் ஒருவர்தான். ஐந்து பாகம், 293 அத்தியாயம். சில பதிப்புகளில் பொருளடக்கத்தைத் தொட்டால் நேரே அத்தியாயத்துக்குப் போகலாம். சிலவற்றில் பொருளடக்கமே இல்லை. வந்தியத்தேவனைத் தேடி விரல் தேய வேண்டியதுதான். இலவச மாதிரிகளை இறக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லே-அவுட் என்றால் என்ன என்று தனியாக யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பெரியம்மாவுக்கு அந்தப் பழைய தொடர்கதையை இபப்பாகத் தேடி எடுத்துக் கொடுத்தேன். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கிக்கொண்டார் தெரியுமா, ஒரு திரைக்கு ஏழே வரி. இரண்டு நாளில் முடித்துவிட்டு அடுத்தது கேட்டார்.

நூல் வெளியிடுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ‘பப்ளிஷ்’ பொத்தானைத் தட்டுவதற்கு முன், வீட்டில் இருப்பதிலேயே பழைய போனை எடுங்கள். எழுத்தை இரண்டு படி பெரிதாக்குங்கள். அட்டையையும் முதல் பக்கத்தையும் விட்டுவிட்டு, நடுவில் எங்காவது திறந்து பத்து நிமிடம் படித்துப் பாருங்கள்.